அடுக்கியபடியே பிளாஸ்மா: கப்பில் அச்சிடுவோர் கவனத்திற்கு

பாலிபுரொப்பிலீன் தயிர் கப்புகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்கள், மை ஒட்டுவதற்காக மின்னூட்டிய வாயுச் சுடரை மேற்பரப்பில் காட்டும் பிளாஸ்மா வேலையை ஜாப் வொர்க்காக வெளியே கொடுக்குமுன் எங்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது திரவம் அதன்மேல் எவ்வளவு பரவும் என்பதைக் காட்டும் அளவு, சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 டைன்தான். மை பரவிப் பிடிக்கப் பொதுவாக 38-க்குக் குறையாமல் வேண்டும். பிளாஸ்மா பட்டால் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்து அந்த அளவு உயரும் என்றாலும், மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்துக்கே நிகழ்கிறது. ஜெட் எந்திரத்திலோ சுடர் நேராகப் படும் இடத்துக்கு மட்டுமே பலன் உண்டு. நாங்கள் நம்பிக் கொடுத்த நிறுவனம், கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடியே ஜெட்டின் முன் உருட்டிவிட்டு, கப் ஒன்றுக்கு இவ்வளவு என்று முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டது.

மை உலர்ந்தபின் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மை அசையவில்லை; அதற்குக் கீழே எழுத்துகள் முழுசாக டேப்போடு வந்துவிட்டன. 38 டைன் பேனாவால் (அந்த அளவை எட்டிய பரப்பில் மட்டும் படலமாக நிற்கும் சோதனைத் திரவம் கொண்ட பேனா) மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தால், அதே எல்லை வரை திரவம் படலமாக நின்றது, அதைத் தாண்டியதும் முத்து முத்தாகத் திரண்டது. கப்புகளை மறுபடி அடுக்கிப் பார்த்தோம்: வெளியே தெரிவது சரியாக அந்த விரலகலப் பட்டைதான்.

கேட்டதற்கு முதலில் மையைக் குறை சொன்னார்கள். பிறகு, நாங்கள் சரக்கை நாள்பட வைத்திருந்ததால் பலன் மங்கிவிட்டது என்றார்கள். நாள்பட மங்குவது உண்மைதான், ஆனால் விளிம்பை மட்டும் விட்டுவிட்டா மங்கும்? ஆர்டர் பேசும்போது தனியாக ஒரு கப்பை எடுத்துச் சுடர் காட்டி, அதன்மேல் தண்ணீர்த் துளி பரவுவதைக் காட்டினார்கள். அந்த வித்தையை யாரும் நம்ப வேண்டாம். சோப்புப் பசை இருந்தாலே துளி பரவும்.

பெட்டியின் நடுவிலிருந்து நீங்களே கப்பை எடுத்து, காலாவதியாகாத உங்கள் சொந்த டைன் பேனாவால், அச்சு விழும் இடத்திலேயே சோதித்த பிறகு பணம் கொடுங்கள். பேனாத் திரவம் பலவற்றில் ஃபார்மமைடு என்ற நச்சு வேதிப்பொருள் உண்டு என்பதால் கையுறை அவசியம், சோதித்த கப்பைத் தயிருக்குத் தரவே கூடாது. பிளாஸ்மா செய்த தேதியையும், தனித்தனியாகச் செய்ததையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் சரக்கு முழுவதும் அரவைக்குப் போய்விட்டது. அடுத்த லாட்டை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.