சித்தூர்ப் பக்கம் ‘கள் தோப்புச் சுற்றுலா’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றி வருகிறது. தோப்பில் கள் இறக்குவதை நேரில் பார்க்கலாம், நான்கு வகைக் கள் ருசி பார்க்கலாம், நாடன் சாப்பாடு உண்டு, தலைக்கு 1,900 ரூபாய். இடம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. (ஆந்திரச் சித்தூர் என்று நினைத்துத் திருப்பதி வண்டி ஏறிவிட வேண்டாம்.) ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் பணம் கட்டிப் போன குடும்பங்களுக்கு என்ன நடந்தது, அதில் எதெல்லாம் பொய் என்பதை, அதே தாலுகாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பும் தொழிலும் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். ஏற்பாட்டாளர் பெயரைப் போடவில்லை. பெயர் அடிக்கடி மாறுகிறது, முறை மாறுவதில்லை.

முதலில் நேரம். வண்டி பொள்ளாச்சியில் ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி, தோப்புக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. அந்த நேரத்துக்குக் கலயம் இறக்குவதைக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே திரும்பிவிடலாம். தென்னையில் கள் இறக்குவது காலையில் வெயில் ஏறும் முன், பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் ஏறினாலும் அது பாளையைச் சீவித் தட்டிவிட்டு வரத்தான். காலைக் கள் அளந்து வண்டி ஏறி, எர்ணாகுளம், திருச்சூர்ப் பக்கக் கள் ஷாப்புகளுக்குப் பாதி வழி போயிருக்கும் நேரத்தில் இங்கே மரத்தில் நிறைகலயம் தொங்கிக்கொண்டிருந்தால், அது யாரோ மேலே கொண்டுபோய்க் கட்டியது.

அன்று கட்டித்தான் வைத்திருந்தார்கள். கலயத்திலிருந்து ஊற்றியது ஏறக்குறைய நாலு லிட்டர். நன்றாக ஊறும் தென்னை ஒரு நாள் முழுக்கத் தருவது சராசரியாக ஒன்றரை, இரண்டு லிட்டர். ராத்திரி ஊறல் கொஞ்சம் கூடுதல் என்றாலும் ஒரு இறக்கில் நாலு லிட்டர் வராது. வடிகட்டாமல் ஊற்றிய கள்ளில் ஒரு ஈ இல்லை, எறும்பு இல்லை. இதைச் சுத்தம் என்று சிலர் பாராட்டினார்களாம். இனிப்பு நீர் சொட்டும் பாளைக்குத் தேனீயும் எறும்பும் வராமல் இருக்கவே இருக்காது. பன்னிரண்டு மணி நேரம் மேலே தொங்கிய கலயத்தில் அவை செத்து மிதக்கும், அதனால்தான் தொழிலாளி முதலில் வடிகட்டுகிறார். மிதப்பது ஒன்றும் இல்லை என்றால் கேனிலிருந்து ஊற்றியது என்று அர்த்தம்.

மரத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும். கள்ளுக்கு விட்ட பாளை வெடிக்காத பாளை. வெடித்துவிடாமல் நாரால் அடியிலிருந்து நுனிவரை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். நுனியை வெட்டி, எலும்பாலோ கட்டையாலோ சீராகத் தட்டி, நாள்தோறும் மெல்லிசாகச் சீவிச் சீவிப் பழக்க வேண்டும். முதல் சொட்டு விழ ஒரு வாரம், சில மரத்தில் இரண்டு வாரம்கூட ஆகும். தட்டு பலமாக விழுந்தால் உள்ளே பூ நசுங்கி அழுகும், குறைந்தால் ஊறாது. சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், ஒரு வேளை தவறினால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஓடும் மரத்தில் வெட்டுவாய் எப்போதும் ஈரமாக, வெளுப்பாக இருக்கும். மரத்தடியில் சீவிப்போட்ட சில்லுகள் கிடக்கும். தண்டில் கால் வைக்கும் இடம் தேய்ந்திருக்கும். கலால் துறையில் மர வரி கட்டியதற்கு எண் போட்டிருக்கும். அன்று காட்டிய மரத்தில் எண் இல்லை, பாளை நுனி பழுப்பேறிக் காய்ந்திருந்தது. ஏறியவரைத் தனியாகக் கேட்டபோது மறைக்கவில்லை: “அது தேங்காய்க்கு விட்ட மரமுங்க. கூலிக்கு ஏறச் சொன்னாங்க, ஏறினேன்.” அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்து ருசி பார்க்கும் மேசை. தென்னங்கள், பனங்கள், கூந்தல்பனைக் கள், இனிப்புக் கள் என்று நான்கு டம்ளர், ஒவ்வொன்றும் நூறு மில்லி. நான்கும் ஒரே வெள்ளை, ஒரே அடர்த்தி, நான்கிலும் ஐஸ். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும், வகை பிரித்துச் சொல்ல நாக்குக்கு வழி இருக்காது. அதைவிடப் பெரிய ஓட்டை, மாதம். இந்தப் பக்கம் பனை ஊறுவது தை கடைசியிலிருந்து வைகாசி வரை. ஆவணியில் பனங்கள் என்று டம்ளர் நீட்டுகிறவரிடம் எந்தத் தோப்பு, எந்த மரம் என்று கேளுங்கள், பேச்சு மாறும். வருடம் முழுக்கத் தட்டாமல் கிடைப்பது தென்னங்கள்தான்.

இனிப்புக் கள் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். “இப்போதான் இறக்கியது, இதில் போதையே கிடையாது” என்று சொல்லி. பாளையிலிருந்து சொட்டும் நீரில் சர்க்கரை நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை இருக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பழைய கள்ளின் ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது, காற்றிலும் பூச்சியின் காலிலும் வருகிறது. முதல் சொட்டு விழுந்ததும் நொதிக்கத் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்கத் தொங்கியது கீழே வரும்போதே அதில் ஆல்கஹால் உண்டு. மத்தியானத்துக்கு நாலைந்து சதவீதம், சாயங்காலம் இன்னும் ஏறும். மறுநாள் புளிப்பு முந்திக்கொண்டு காடியை நோக்கிப் போகும். போதை இல்லாதது வேண்டும் என்றால் சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர், அல்லது ஐஸ் பெட்டிக்குள் வைத்து இறக்கிக் குளிரிலேயே வைத்திருக்கும் நீரா. இரண்டும் இல்லாமல் ‘குழந்தைகள் குடிக்கலாம்’ என்று ஒரு கள் கிடையாது. கேரளத்தில் மது குடிக்கச் சட்டம் வைத்திருக்கும் வயது 23.

பதினொன்றரை மணிக்கு ஊற்றிய அதே இனிப்பு, நாலு மணி வண்டி ஏறும்போதும் அப்படியே இருந்ததாம். சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் ஆல்கஹால் ஆக்குகிறது. வெயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் இனிப்புக் குறையவில்லை என்றால் அது மரம் கொடுத்த இனிப்பு அல்ல. தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைப் போட்டது. விழுங்கிய பிறகும் இனிப்பு நாக்கில் ஒட்டி நின்று, தொண்டைப் பக்கம் ஒரு கசப்பு வந்தால் சாக்கரின் என்று சந்தேகப்படலாம்.

தண்ணீர் ஊற்றினால் நிறம் வெளுக்கும். அதை ஈடுகட்டக் கஞ்சித் தண்ணீரோ மாவோ கரைப்பார்கள். இதை மட்டும் மேசையிலேயே கண்டுபிடிக்கலாம்: மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் டிங்சர் ஒரு சொட்டு, ஒரு ஸ்பூன் கள்ளில். கருநீலமாக மாறினால் மாவு. நல்ல கள்ளில் மாவுச்சத்துக்கு வேலை இல்லை. நிறம் மாறவில்லை என்பதால் கள் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மாவு இல்லை என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இன்னொன்று, ஒரு டம்ளரைத் தொடாமல் அரை மணி வைத்துப் பாருங்கள். உயிருள்ள கள் அடியிலிருந்து பொடிக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும், நுரை மறுபடி மறுபடி கட்டும். மேலே தெளிந்து கீழே மாவாக ஒரு படிவு நின்று, குமிழி அடங்கிவிட்டால் தொடாதீர்கள்.

நாக்குக்கும் அயோடினுக்கும் அகப்படாதது தூக்க மருந்து. குளோரல் ஹைட்ரேட், டயசிபாம், அல்பிரசோலம் கலந்த கள் கேரளத்திலும் தெலங்கானாவிலும் பல வருடங்களாகப் பிடிபட்டு வருகிறது. 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பல்லியில் கலப்படக் கள் உயிர்களை வாங்கியது. 2010 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் கள்ளில் கலந்திருந்தது மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். தண்ணீர் ஊற்றிய கள்ளில் போதை குறையும், குறைந்த போதையை எதையாவது போட்டு ஏற்றுவார்கள். கணக்குத் தெரிந்தால் சந்தேகம் சீக்கிரம் வரும். ஐந்து சதவீதக் கள் நான்கு டம்ளர், 400 மில்லி குடித்தால் உள்ளே போகும் ஆல்கஹால் 20 மில்லி. 650 மில்லி பியர் பாட்டிலில் பாதிக்குச் சற்று மேல். அதைக் குடித்துப் பழகிய பெரிய ஆள் நாக்குக் குழறி, வண்டியில் ஏறியதும் எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் அது கள்ளின் வேலை இல்லை. ‘நல்ல ஸ்ட்ராங் சரக்கு’ என்று வழிகாட்டி சிரிப்பதை நம்ப வேண்டாம். மரத்து நீரின் சர்க்கரை மொத்தமும் ஆல்கஹாலாக மாறினாலும் ஒன்பது, பத்து சதவீதத்துக்கு மேல் பெரிதாகப் போகாது, பாதியில் புளிப்பு வேறு பங்கு பிடுங்கும்.

அப்படி ஒருவர் கிடந்தால் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு 108 அழையுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். மறுநாள் தலைவலி, வாந்தி, வயிற்று வலியோடு கண் மங்கினால் மெத்தனாலாக இருக்கலாம். மோர் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு மணி நேரம்கூடக் காக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குடித்தது கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) மீன் கறியும் பொட்டலத்தில் வந்தது, ஆறியிருந்தது.

கடைசியில் வீட்டுக்கு ‘அன்பளிப்பு’ என்று ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கள். இதுதான் மொத்த ஏற்பாட்டிலும் மோசமான இடம். கேரளத்துக்குள் ஒருவர் ஒன்றரை லிட்டர் வரை கள் வைத்திருக்கலாம். கோபாலபுரமோ வேலந்தாவளமோ வழியாக எல்லை தாண்டினால், 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிற தமிழ்நாடு. ஒரு லிட்டர் என்றாலும் மதுவிலக்கு வழக்குதான். அன்று வழிகாட்டி சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே ‘இங்கே ஒரு வேலை’ என்று இறங்கிவிட்டார். பாட்டில் உங்கள் காலடியில், வண்டி உங்கள் பெயரில். மூடி இறுக்கிய பாட்டிலுக்குள் வாயு ஏறிக்கொண்டே போகும், குண்டும் குழியுமான ரோட்டில் வெடித்துத் தெறித்தால் வாசனையே காட்டிக்கொடுக்கும், யாரும் சோதனை போட வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: தோப்பில் வைத்துக் காசுக்குக் கள் ஊற்ற முடியாது. விற்பது உரிமம் உள்ள ஷாப்பில், பலகையில் எண் இருக்கும். 2023 மதுக் கொள்கையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளும் சுற்றுலாப் பகுதி ரிசார்ட்டுகளும் தங்கள் வளாகத்து மரத்தில் இறக்கி விருந்தினருக்குக் கொடுக்கலாம் என்றார்கள், ஆனால் வாடகைக்கு எடுத்த பண்ணை வீடு அதில் வராது. மரம் ஏறுகிறவர் கள் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவரா, மரத்துக்கு எண் உண்டா, காலை ஆறு மணிக்கு வந்தால் காட்டுவீர்களா, எந்த ஷாப்பில் ருசி பார்ப்பது என்ற நாலு கேள்விக்கும் போனிலேயே பதில் வர வேண்டும். வேலை தெரிந்தவர் காலை ஆறு மணி என்றதும் சந்தோஷப்படுவார். மற்றவர் “அவ்வளவு சீக்கிரம் எதுக்குங்க” என்பார்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். ‘பண்ணைச் சுற்றுலா, மதிய உணவு’ என்றுதான் இருக்கும், கள் என்ற சொல் இருக்காது. ஆகவே விளம்பரம் வந்த வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, மரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்காரர் பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கலப்படப் புகார் தனி, அது கேரளக் கலால் துறைக்கு. வீட்டில் வைத்திருக்கும் பாட்டிலைச் சாட்சியாகக் கொண்டுபோக நினைக்காதீர்கள். எடுத்துக்கொண்டு வந்ததே குற்றம், அதுவும் இத்தனை நாளில் காடியாகியிருக்கும். இடத்தையும் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி என்ற நேரத்தையும் எழுதிக் கொடுங்கள், மாதிரி எடுப்பது அவர்கள் வேலை.