அரிப்புக்குப் பெயரில்லாத டப்பாவில் களிம்பு கொடுத்தால் வாங்காதீர்கள்

நேற்று மாலை என் மகளின் தோழியுடைய அம்மா தொலைபேசியில் பேசினார். அவர் பெண்ணுக்கு இரண்டு வாரமாக இரவில் தூங்கவிடாத அரிப்பாம். தோல் நோய்க்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். ‘அலர்ஜி’ என்று சொல்லி, வெள்ளை டப்பா ஒன்றில் களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டப்பாவின் மேல் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதே கிளினிக், அதே டப்பா. அலர்ஜி என்று சொல்லப்பட்ட சொறிசிரங்கோடு எங்கள் வீட்டில் மூன்று மாதம் நாங்கள் பட்ட பாட்டை இத்தனை நாள் எழுதாமல் இருந்தது தவறு.

என் மகளுக்கு ஏழு வயது. முதலில் விரல் இடுக்குகளில் கடுகு அளவுப் பொரிகள் வந்தன. பகலில் விளையாடும்போது அவளுக்கு அது நினைவே இருக்காது. இரவில் படுத்து, போர்வைக்குள் உடம்பு சூடேறிய அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கும். மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி என்று இரண்டு கையாலும் சொறிவாள். காலையில் படுக்கை விரிப்பில் ஊசி முனை அளவு இரத்தப் புள்ளிகள் இருக்கும்.

கிளினிக்கில் மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே பார்த்தார். அவள் கையைப் பிடித்துத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போது அதிகம் அரிக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் அவர் கேட்கவில்லை. உதவியாளர் இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மூடியின் ஓரத்தில் எதையோ உரித்தெடுத்த பசைத் தடம் இருந்தது. மருந்தின் பெயரைக் கேட்டேன். “எங்கள் டாக்டரின் சொந்தக் கலவை, வேறெங்கும் கிடைக்காது” என்றார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

தடவிய மூன்றாம் நாளே சிவப்பு குறைந்தது, அரிப்பும் பாதியாயிற்று. நல்ல மருந்து என்று நம்பிவிட்டோம். நிறுத்தினால் இரண்டே நாளில் திரும்பியது, முன்பைவிட அதிகமாக. மறுபடி தடவினால் அடங்கியது. இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் அவளோடு ஒரே படுக்கையில் படுக்கும் என் மாமியாருக்கும் அரிப்பு தொடங்கியது, பிறகு எனக்கும். அடுத்த முறை போனபோது இதைச் சொன்னேன். “ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அலர்ஜி” என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைகள், தனிச் சோப்பு, எதிர்ப்புச் சக்திக்கு என்று ஒரு மாவு, மூன்று டப்பாக்கள் என்று நீளமாக எழுதினார்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று பேருக்கு ஒரே இடங்களில், ஒரே நேரத்தில் அரிக்கும்போது மூன்று தனித்தனி அலர்ஜிகளாம். அதையும் கேட்டுக்கொண்டு வந்தோம்.

இடையில் ஒரு மருந்துக்கடைக்காரர், “இது சொறிசிரங்கு மாதிரி இருக்கிறது” என்று சொல்லி, அதற்குக் காரணமான உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பு ஒரு சிறு குழாய் கொடுத்தார். நோயைச் சரியாகச் சொன்னார், பயன்படுத்தும் முறையைத் தவறாகச் சொன்னார். அரிக்கும் இடத்தில் மட்டும், குழந்தைக்கு மட்டும் தடவினால் போதும் என்றார். பலன் இல்லை. மருந்துதான் சரியில்லை என்று நினைத்து அதையும் ஒதுக்கிவிட்டோம்.

கடைசியில் வேறொரு பெண் மருத்துவரிடம் போனோம். உள்ளே நுழைந்ததும் அவர் மகளின் கையை விளக்கின் கீழ் வைத்து, விரல்களை விரித்து, கண்ணாடிக் கருவி ஒன்றை வைத்துப் பார்த்தார். பிறகு என் மாமியாரிடம், “அம்மா, உங்கள் கையையும் காட்டுங்கள்” என்றார். என்னையும் அருகில் அழைத்துக் காட்டினார். விரல் இடுக்கில் பென்சிலால் லேசாகக் கீறியது போல, அரை சென்டிமீட்டர் நீளத்தில் நெளிந்து போகும் சாம்பல் நிறக் கோடு. அதன் நுனியில் ஒரு கரும்புள்ளி. அந்த இடத்தை மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார். உருண்டை உடலும் குட்டைக் கால்களுமாக அது நகர்ந்துகொண்டிருந்தது. சிரங்கு உண்ணி. பெண் உண்ணியே அரை மில்லிமீட்டரை எட்டாது. தோலின் மேல் அடுக்கைக் குடைந்து, நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இட்டுக்கொண்டே போகும். மூன்று மாதமாக அந்தக் கிளினிக் கண்டுபிடிக்காததை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

டப்பாவையும் காட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் மகளின் முழங்கை மடிப்பில் தோல் மெலிந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரிவது கடுமையான ஸ்டீராய்டின் அடையாளம் என்றார். அரிப்பும் சிவப்பும் உண்ணிக்கும் அதன் கழிவுக்கும் எதிராக உடல் காட்டும் எதிர்வினை. ஸ்டீராய்டு அந்த எதிர்வினையை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. வெளியே தோல் ஆறுவது போலத் தெரியும்போது உள்ளே அது பெருகும். பொரிகளின் தோற்றமே மாறிவிடுவதால் அடுத்துப் பார்க்கும் மருத்துவரும் ஏமாறக்கூடும். எனக்கு ஆறவே ஆறாத கோபம் இதில்தான். நோயை அறியாதது ஒரு குறை. அறியாமலே அதை மறைக்கும் மருந்தை, பெயரையும் மறைத்து, ஒரு குழந்தையின் தோலில் பூசச் சொல்வது குற்றம்.

சிகிச்சை கடினமானதே அல்ல, ஆனால் அரைகுறையாகச் செய்தால் வீண். ஐந்து சதவீத பெர்மெத்ரின் களிம்பை கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை ஓர் அங்குலம் விடாமல் தடவச் சொன்னார்: விரல் இடுக்கு, நகத்தின் அடி, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு எல்லாம். வயதானவர் என்பதால் மாமியாருக்குத் தலையிலும் முகத்திலும், கண்ணையும் வாயையும் விட்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கே ஏறக்குறைய முப்பது கிராம் வேண்டும். மருந்துக்கடைக்காரர் கொடுத்த சிறு குழாய் எந்த மூலைக்கு? இரவில் தடவி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பச்சிளம் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எந்த மருந்து என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். சிலருக்கு ஐவர்மெக்டின் மாத்திரை கொடுப்பதும் உண்டு. அதுவும் உடல் எடையைப் பார்த்துக் கொடுப்பது, நாமாக வாங்கி விழுங்குவது அல்ல.

என் கணவர், “எனக்குத்தான் அரிப்பே இல்லையே” என்றார். முதல் முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம்வரை அரிப்பே இல்லாமல் இருக்கலாம், அதற்குள் மற்றவருக்குப் பரவும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஒரே இரவில் நான்கு பேரும் தடவினோம். கடைசி மூன்று நாளில் பயன்படுத்திய துணி, துண்டு, விரிப்பு எல்லாவற்றையும் கொதிநீரில் துவைத்தோம். துவைக்க முடியாத பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தோம். மனித உடம்பை விட்டு விலகினால் அந்த உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பதில்லை.

குணமான பிறகும் இரண்டு மூன்று வாரம் அரித்தது. செத்த உண்ணி தோலுக்குள் இருக்கும்வரை அப்படித்தான் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இதைத் தெரியாதவர்கள் பயந்து மருந்தை நாள்தோறும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். நான்கு வாரம் கடந்தும் அரித்தாலோ, புதுப் பொரிகள் வந்தாலோ திரும்பிப் போக வேண்டும். சொறிந்த புண்ணில் சீழ் பிடித்தால் காத்திருக்கக் கூடாது. அந்தக் கிருமித் தொற்று சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

வெட்கத்தால் மறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இது அழுக்கால் வருவதல்ல. தினமும் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும், தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருந்தால் போதும். நாங்கள் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. என் மகளோடு ஒட்டி உட்கார்ந்து விளையாடிய தோழிக்கு அது எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கலாம் என்ற எண்ணம் நேற்றிலிருந்து என்னை அறுக்கிறது.

அந்தக் கிளினிக்குக்கு ஒரு முறை திரும்பிப் போய், களிம்பில் இருந்ததை எழுதித் தரும்படி கேட்டேன். தர முடியாது என்றார்கள். டப்பாவில் என்ன மருந்து என்று மருந்துச் சீட்டிலும் ஒரு வரிகூட இல்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் அப்படி ஒரு டப்பா இருந்தால் தூக்கி எறியாதீர்கள். வேறு மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் சென்று, எத்தனை நாள், எங்கெல்லாம் தடவினீர்கள் என்று சொல்லுங்கள். வாரக்கணக்கில் உடம்பு முழுவதும் தடவியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அரிப்பு இல்லாதவரையும் சேர்த்து.