அடுத்தவர் சிட்டாவில் நெல் போடாதீர்கள்: என் 96,700 ரூபாய் போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் 3 ஏக்கர் வாய்க்குத்தகைக்கு (எழுத்து இல்லை, வாய்ப்பேச்சுதான்) பிடித்து நெல் போட்டேன். விவசாயத்துக்கு வந்து இது இரண்டாவது வருஷம். விளைந்த நெல்லில் 150 மூட்டையை (மூட்டைக்கு 40 கிலோ) ஒரு கமிஷன் மண்டியை நம்பிக் கொடுத்தேன். 96,700 ரூபாய் வரவில்லை. இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. மண்டியின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் முதலில் மாட்டுவது நான்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2025-26 பருவத்தில், அதாவது 2025 செப்டம்பர் 1 முதல், அரசு கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். மத்திய அரசு விலை 2,389, அதற்கு மேல் மாநில ஊக்கத்தொகை 156. அன்றைக்கு எங்கள் களத்துக்கு வந்த வெளி வியாபாரி 62 கிலோ மூட்டைக்கு 1,200 கேட்டார். குவிண்டாலுக்கு 2,000 கூடத் தேறாது. யாராக இருந்தாலும் கொள்முதல் நிலையத்துக்குத்தானே போவோம்?

போனேன். சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் தாள்), அடங்கல் (அதில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு), ஆதார், பாஸ்புக் கேட்டார்கள். குத்தகை என்றால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) சான்று வேண்டும். விஏஓ, "உடையவங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கட்டும் தம்பி" என்றார். எங்கள் பக்கம் பாதி நிலம் கூட்டுப் பட்டா. ஒரு பெயர் சென்னையில், ஒரு பெயர் மலேசியாவில், ஒருவர் உயிரோடே இல்லை. சென்னையில் இருக்கும் ஆச்சிக்குப் போன் போட்டேன். "தம்பி, நெல்லு வேணும்னா கொறச்சுக் குடுங்க, கையெழுத்து மட்டும் கேக்காதீங்க" என்றார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. 1969-இல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தை நினைத்து, எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். சொந்த நிலம் இல்லாமல் புதிதாக விவசாயத்துக்கு வருகிறவன் எல்லாருமே இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வான்.

நெல் ரோட்டோரம் தார்ப்பாயில் கிடந்தது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று இரண்டு நாள் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்திருந்தேன். வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்த மண்டிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். ஒரு பிடி அள்ளி, இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார். டக்கென்று உடைந்தது. "காஞ்சிருச்சு அப்பு. நம்ம ஆளு சிட்டாவுல போட்டு விட்டுர்றேன். குவிண்டாலுக்கு நூறு ரூவா எனக்கு. ஒங்க அப்பா எங்கிட்டதான் கடலை போடுவாரு, தெரியும்ல?" என்றார்.

அந்த 'அப்பு'வில்தான் விழுந்தேன். மண்டிக்குக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்து 50,000 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தார். தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் '150 × 40' என்று எழுதிக் கொடுத்தார். என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அதில் கையெழுத்துகூட இல்லை.

கணக்கு இதுதான். 60 குவிண்டால், 1,52,700 ரூபாய். அவர் கமிஷன் 6,000 போக 1,46,700. கையில் வந்தது 50,000. பாக்கி 96,700.

முதல் வாரம் "பில்லு பாஸாகலப்பா". அடுத்த வாரம் "சர்வர் வேலை செய்யல". அப்புறம் "மாசிக் களரி முடியட்டும், மொத்தமாத் தர்றேன்". மாசிக் களரி என்பது எங்கள் பக்கத்துக் குலதெய்வக் கும்பிடு. களரியும் முடிந்தது. போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நேரில் போனால் கடைப் பையன், "அண்ணே இப்பத்தான் கிளம்புனாரு" என்பான். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

யார் பெயரில் போட்டார் என்று விசாரித்துப் போனேன். ஒரு வயசான ஐயா. அவர் நிலம் முழுக்கச் சீமைக் கருவேலம், நெல் விளைந்து எத்தனை வருஷமோ! பாஸ்புக், ஏடிஎம் கார்டு இரண்டுமே மண்டிக்காரரிடம். "எனக்கு ரெண்டாயிரம் குடுத்தாக தம்பி, மத்தது ஒண்ணும் தெரியாது" என்றார். தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் போய் என்ன சண்டை போட?

கடைசியாக மண்டிக்காரரை வழியில் மறித்துக் கேட்டேன். 'அப்பு' போய் 'நீ' வந்துவிட்டது. "நீ யாருப்பா? ஒம்பேர்ல நெல்லு எங்க இருக்கு? போ, போலீஸ்ல சொல்லு" என்றார். போலீஸிலும் அதையேதான் கேட்டார்கள்: பேப்பர் எங்கே? சர்க்கார் கணக்குப்படி அது அந்த ஐயா விளைவித்த நெல். பணமும் ஒழுங்காக அவர் கணக்குக்கே போயிருக்கிறது. நான் வாயைத் திறந்தால், பொய்ப் பதிவில் நெல் போட்டதற்கு நானும் உடந்தை. குவிண்டாலுக்கு நூறு கொடுக்க ஒப்புக்கொண்டவன்தானே நான். வெளி வியாபாரியிடம் அன்றைக்கே போட்டிருந்தால் ஏறக்குறைய 1,16,000 கையில் நின்றிருக்கும். 30,000 கூடுதலாக வருமென்று போய் 96,700-ஐத் தொலைத்தேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், எழுத ஓடவில்லை. குத்தகை பேசும்போதே, நாற்று விடுவதற்கு முன்னால், விஏஓ சான்றுக்கு உடையவர் சம்மதிப்பாரா என்று கேட்டுவிடுங்கள். அறுத்த பிறகு கேட்டால் நடக்காது. பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். சான்று கிடைக்காவிட்டால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விசாரியுங்கள், அல்லது வெளி வியாபாரிக்கே போட்டு அன்றே பணத்தை வாங்குங்கள். காலண்டர் தாளை ரசீது என்று வாங்காதீர்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அறுப்பு மெஷின்காரர் வாடகை பாக்கிக்காக இன்றைக்கு மூன்றாவது தடவையாகப் போன் அடிக்கிறார். அவரிடம் நானும் "பில்லு பாஸாகலண்ணே" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.