பூட்டிலேயே தொங்கிய சாவி: ஒரு கோப்புப் பரிமாற்ற மென்பொருளுடன் 7 ஆண்டுகள்

சர்வர்களில் கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் 7 ஆண்டுகள் ஒரே மென்பொருளைத்தான் வைத்திருந்தேன். வேகத்தில் குறை சொல்ல முடியாது. பாதியில் அறுந்த பதிவேற்றத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும். சேமித்த கடவுச்சொற்களை அது வைத்திருந்த விதம் ஒன்றுக்காகவே அதைக் கைவிட்டேன்.

முதல் சந்தேகம் புதுக் கணினிக்கு மாறியபோது வந்தது. பழைய கணினியிலிருந்து அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பை, அதாவது சர்வர் விவரங்களையும் கடவுச்சொற்களையும் அது சேமிக்கும் கோப்பை, மட்டும் நகலெடுத்துப் போட்டேன். எதுவுமே கேட்காமல் எல்லா சர்வர்களும் இணைந்தன. அப்போது வசதியாகத்தான் இருந்தது. ராத்திரிதான் உறைத்தது: என்னிடம் ஒன்றும் கேட்காமல் திறக்கிற கோப்பு, அதை நகலெடுக்கிற யாருக்கும் அப்படித்தானே திறக்கும்?

கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள், கடைசியில் இரண்டு சமக்குறிகள். அது பேஸ்64. அதில் என்கிரிப்ஷனே, அதாவது ரகசியச் சாவியால் பூட்டுவதே, கிடையாது, ஒரு சொல்லை வேறு எழுத்துகளில் எழுதும் முறை அவ்வளவுதான். சாவி எதுவும் இல்லாமல் நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். இதே கோப்பு என் பேக்கப் வட்டுகளிலும் இருந்தது. அன்றைக்கே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.

அப்புறம் ஓர் அப்டேட் வந்தது. கடவுச்சொற்கள் இனி என்கிரிப்ட் செய்யப்படும் என்றார்கள். சரி, பார்ப்போம் என்று இரண்டு சோதனைக் கணக்குகளுக்கு ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்துச் சேமித்தேன். கோப்பில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. வேறு கணினிக்கு நகலெடுத்தேன், மறுபடியும் கேள்வி கேட்காமல் திறந்தது. அப்படியென்றால் சாவி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் தோண்டி எடுத்தால் அதைப் பயன்படுத்தும் எல்லோருடையதும் போச்சு.

ஒரே சொல் ஒரே மாதிரி தெரிவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2013-இல் அடோபி என்ற மென்பொருள் நிறுவனத்திலிருந்து கசிந்த கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் ஒரே சாவியால் பூட்டப்பட்டவை. ஒரே கடவுச்சொல் வைத்தவர்கள் எல்லோரும் ஒரு கூட்டமாகத் தெரிந்தார்கள். பக்கத்திலேயே, கடவுச்சொல் மறந்தால் நினைவூட்ட அவரவர் எழுதி வைத்த குறிப்புகள் மறைக்கப்படாமல் கிடந்தன. அவர்களில் ஒருவருடைய குறிப்பு விடையைக் காட்டிக்கொடுத்தால் போதும், மற்றவர்களுடையதும் தெரிந்துவிடும். சாவியே தேவைப்படவில்லை.

இணையதளங்கள் நம் கடவுச்சொல்லை ஹேஷாக, அதாவது அசலுக்குத் திருப்ப முடியாத வடிவமாக, மட்டும் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். என் மென்பொருளால் அது முடியாது, அது அசல் சொல்லையே சர்வருக்கு அனுப்பியாக வேண்டும். அதனால்தான் சாவி கோப்புக்கு வெளியே இருக்க வேண்டும் என்கிறேன்: ஒன்று என் நினைவில், மற்ற எல்லாவற்றையும் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லாக, இல்லையென்றால் இயங்குதளத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில்.

இப்போது இரண்டு ஆண்டுகளாகக் கடவுச்சொற்களை வைத்திருப்பது கீபாஸ்எக்ஸ்சி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பூட்டி வைக்கும் மென்பொருள். கோப்பை எங்கே நகலெடுத்தாலும் முதன்மைக் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. அதிலிருந்து சாவியை உருவாக்குவது ஆர்கான்2, கடவுச்சொல் ஹேஷிங்குக்கான போட்டியில் 2015-இல் வென்ற முறை. வேண்டுமென்றே நினைவகத்தையும் நேரத்தையும் தின்னும். திறக்க எனக்கு ஒரு நொடி ஆகிறது. லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் அதே சுமை. முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியே இல்லை என்பது உண்மையான சிரமம். காகிதத்தில் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறேன்.

பழைய மென்பொருளை நீக்கிய பிறகும் அந்த அமைப்புக் கோப்பு வட்டில் அப்படியே இருந்தது. அதையும் பேக்கப்புகளில் இருந்த நகல்களையும் தேடி அழிக்க ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது.