நீல நிறத்தைப் பார்த்து ஏமாந்தேன்

வீட்டில் சும்மா கிடக்கும் கேமராவை வெப்கேமாக மாற்றித் தருகிறோம் என்று கடைக்காரர் யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 8,300 ரூபாய் போனது. அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் மயிலாப்பூரில் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் பூத்தையல், செய்கிறவள். கல்யாண ரவிக்கைகளுக்கு நடுவே வாரத்தில் மூன்று நாள் வீடியோ அழைப்பில் வகுப்பும் எடுக்கிறேன். மடிக்கணினியின் கேமராவில் என் முகம் நன்றாகத்தான் தெரிகிறது. முகத்தை வைத்துக்கொண்டு மாணவிகள் என்ன செய்வார்கள்? ஆரி ஊசியின் கொக்கி எள்ளில் பாதிகூட இருக்காது. துணி கட்டிய மரச்சட்டத்துக்கு அடியில் இருக்கும் கை நூலைக் கொக்கியில் சுற்றிக் கொடுக்க, மேலே இருக்கும் கை அதைத் துணி வழியாக இழுத்து வளையமாக்க வேண்டும். அந்த ஒரு நொடி தெரியாவிட்டால் வகுப்பே வீண்.

தம்பி வேலைக்காக வெளிநாடு போகும்போது விட்டுப்போன டி.எஸ்.எல்.ஆர். கேமரா பீரோவில் இருந்தது. அதன் லென்ஸ் கால் மீட்டர் நெருக்கத்திலும் துல்லியமாகக் காட்டும். அதையே வகுப்புக்குப் பயன்படுத்தலாமே என்று, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அந்தத் தெருவை நான் குறை சொல்லமாட்டேன். என் மிக்ஸியிலிருந்து மடிக்கணினி வரை அங்கேதான் பிழைத்து எழுந்தன. நான் சொல்வது ஒரு கடையைப் பற்றி மட்டும்.

“மேடம், கேமராவை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் படம் வராது. கேப்சர் கார்டு கட்டாயம் வேண்டும்” என்றார் அங்கிருந்த இளைஞர். கேமராவின் படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும், தீப்பெட்டி அளவிலான ஒரு கறுப்புப் பெட்டி அது. மேலே ‘4கே’, ‘யூ.எஸ்.பி. 3.0’ என்று அச்சடித்திருந்தது; முதலாவது படத்தின் துல்லியம், அடுத்தது வேகமான இணைப்பு. செருகும் முனையைத் திருப்பிக் காட்டி, “உள்ளே நீலமாக இருக்கிறது பாருங்கள், 3.0 என்றால் நீலம்தான்” என்றார். நானும் தலையாட்டினேன். பெட்டிக்கு 3,800, எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு 600, பேட்டரிக்குப் பதிலாகச் செருகும் போலி பேட்டரிக்கு 1,400, ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ்’ 2,500. மடிக்கணினியில் அவரே நிறுவியும் கொடுத்தார்.

மறுநாள் வகுப்பு. அரக்குப் பட்டில் தங்க ஜரிகையால் சங்கிலித் தையல் போட்டுக் காட்டினேன். திரையின் நடுவே, கேமரா எதைக் கூர்மையாகக் காட்டுகிறது என்று குறிக்கும் வெள்ளைச் சதுரம், சரியாக ஊசியின் மேலேயே. ஓரத்தில் பேட்டரி படமும் எண்களும். ஜரிகை கட்டம் கட்டமாகச் சிதறி மஞ்சள் பொடிபோல் தெரிந்தது. கோயம்புத்தூர் மாணவி ஒருத்தி, “அக்கா, உங்கள் குரல் முதலில் வருகிறது, கை பிறகுதான் வருகிறது” என்றாள். ‘இப்போது இழுங்கள்’ என்று நான் சொல்லும்போது அவர்கள் திரையில் ஊசி இன்னும் துணிக்குள்ளேயே போகவில்லை. அரை மணி நேரத்தில் படம் அடியோடு நின்றது. போலி பேட்டரியின் வயரில் இருந்த சின்னக் கட்டி தொடமுடியாத சூடு. பிளாஸ்டிக் வாடை வேறு. பிடுங்கிப் போட்டேன்.

கடைக்குப் போன் செய்தேன். “கேமரா பழசு மேடம், கொண்டுவாருங்கள், சர்வீஸுக்கு 1,500 ஆகும்.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமராவின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். தானாக அணைவதை நிறுத்தி வைத்திருந்தாலும், 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை அணைந்துவிடும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இப்போது 25 நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனைப் பாதி அழுத்திவிடுகிறேன். சர்வீஸ் முடிந்தது.

அடுத்தது அந்த நீல முனை. மணி எண்ணிப் பிழைக்கிறவள் நான். மணி கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து உள்ளே பார்த்தேன். யூ.எஸ்.பி. 3.0 முனையில் முன்னால் நான்கு தகடுகள், உள்ளே தள்ளி இன்னும் ஐந்து, ஆக ஒன்பது இருக்க வேண்டும். இதில் நான்கே நான்கு. நீலம் வெறும் பிளாஸ்டிக். யூ.எஸ்.பி. 2.0 வழியில் நொடிக்கு 480 மெகாபிட்தான் போகும். 1920-க்கு 1080 அளவுப் படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 முறை அனுப்ப ஏறத்தாழ 1,000 மெகாபிட் வேண்டும். ஆகவே பெட்டி படத்தை நசுக்கித்தான் அனுப்புகிறது. ஜரிகை பொடியானது அதனால்தான். ‘4கே’ என்பது பெட்டி உள்ளே வாங்கும் படத்தின் அளவு, வெளியே விடும் அளவல்ல. இதே பெட்டி இணையத்தில் 600 ரூபாய்க்குக் கிடந்தது.

‘லைசென்ஸ்’ என்று விற்றது ஓ.பி.எஸ். ஸ்டூடியோ. கேமரா படத்தையும் குரலையும் சேர்த்து அனுப்ப உதவும், உலகம் முழுக்க இலவசமாகத் தரப்படும் மென்பொருள். நல்ல மென்பொருளும்கூட, குரலைச் சற்றுத் தாமதப்படுத்திக் கையோடு சேர்க்க அதிலேயே வழி இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் இதுதான். 2020 ஊரடங்கின்போது கேனான், ஃபியூஜிஃபில்ம், நிக்கான், சோனி என்று வரிசையாகப் பல நிறுவனங்கள், கேமராவைச் சாதாரண யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்தே வெப்கேமாக்கும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டன. எல்லா மாடலுக்கும் இல்லை. பட்டியலைப் பார்க்க வேண்டும். பார்த்தேன், என் கேமரா அதில் இருந்தது. கேமராவோடு வந்த கேபிளும் பீரோவிலேயே இருந்தது. செருகினேன். வெள்ளைச் சதுரம் இல்லை, எண்கள் இல்லை, கொக்கி பளிச்சென்று தெரிந்தது.

கடையில் போய் நின்றால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். எனக்குக் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்ற துண்டுச் சீட்டு. கடைப் பெயரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. நல்லவேளையாகப் பணத்தைக் கைபேசி வழியே அனுப்பியிருந்தேன், அதில் கடைக்காரர் பெயர் இருந்தது. அவர்கள் எதிரிலேயே நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழுத்தினேன். இணைப்பு கிடைப்பதற்குள் உள்ளேயிருந்து முதலாளி வந்து, பெட்டிக்கும் போலி பேட்டரிக்கும் உரிய 5,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். கேபிளை நானே வைத்துக்கொண்டேன். மென்பொருளுக்கு வாங்கிய பணம் ‘சேவைக் கட்டணம்’, அதைத் தரமுடியாது என்றார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ புகார் செய்யக் கட்டணம் கிடையாது. நேற்றிரவு மனு எழுதி முடித்தேன். இணைப்பதற்காகத் துண்டுச் சீட்டைத் தேடி எடுத்தேன். சேவை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ் – 2,500’ என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.