தோள்வலிக்கு அக்குபங்சர்: ஓராண்டுக்கும் மேலான அனுபவம்

வலது தோளில் ஓராண்டுக்கும் மேலாக நீடித்த வலிக்கு அக்குபங்சர் சிகிச்சை எடுத்துக்கொண்டதில் எனக்குத் திரும்பக் கிடைத்தது இரவுத் தூக்கம். கையின் அசைவைத் திருப்பித் தந்தவை உடற்பயிற்சியும் காலமும்தான். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல், "ஊசியிலேயே குணமாகிவிட்டது" என்றோ "எல்லாம் மனப்பிரமை" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுபவர்களே நம்மிடையே அதிகம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் வசிப்பவள், ஐம்பதைக் கடந்தவள், நீரிழிவும் உண்டு. ரவிக்கையின் பின்கொக்கியை மாட்ட முடியாமல் தொடங்கிய வலி, துணி காயப்போடும் மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்ட முடியாத அளவுக்கு வளர்ந்தபோது அரசின் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்றேன். அங்கிருந்து மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பில் குறையில்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிப் போகும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்றும், நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்றும் மருத்துவர் விளக்கினார். முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்லத் தளர்வு என்று ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்வரை இழுக்கக்கூடிய நோய் இது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆனால் அதனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதால் நான் தயங்கினேன். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கவும் மனம் வரவில்லை. அப்படித்தான் அக்குபங்சர் ஊசிக்குத் தலையாட்டினேன். நோய் இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகு போவதுதான் முறை. கழுத்து நரம்பு அழுந்தினாலும், பித்தப்பையிலோ இதயத்திலோ கோளாறு இருந்தாலும்கூடத் தோள் வலிக்கும்.

சிங்கப்பூரில் ஒரு வசதி உண்டு. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாரம்பரியச் சீன மருத்துவத் தொழிலர் சட்டத்தின்படி, அக்குபங்சர் செய்பவர் அதற்குரிய வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயரை வாரியத்தின் இணையத்தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஊரில் என் உறவினர்கள் "அக்குபங்சர்" என்று சொல்வது பெரும்பாலும் ஊசியே இல்லாமல் நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடுவதைத்தான். அதையும் இதையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதிலும், சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் எனக்கு ஒட்டுதல் இல்லை. நான் பார்த்த சின்சே (சீன மருத்துவர்) என் மருந்துச் சீட்டை முதலில் வாங்கிப் படித்தார். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுக்கிறேனா, இதயமுடுக்கி பொருத்தியிருக்கிறேனா என்று கேட்டார். அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஊசி நாம் அஞ்சும் வகையினது அன்று. தலைமுடியைவிடச் சற்றே தடித்த, உள்ளே துளையில்லாத எஃகு ஊசி. உறையைக் கண்ணெதிரே பிரித்து, ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிடுகிறார்கள். சிறு பிளாஸ்டிக் குழாயைத் தோலில் ஊன்றி, மேலே துருத்தி நிற்கும் ஊசியின் தலையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். எறும்பு கடித்தாற்போல் இருக்கும். அதன்பின் குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெல்லத் திருகி இறக்கும்போதுதான் உண்மையான உணர்வு வருகிறது. குத்தலும் இல்லை, எரிச்சலும் இல்லை. கனமாக, மந்தமாக ஒரு வலி தோளிலிருந்து முழங்கைவரை இறங்கும். அது வந்துவிட்டதா என்று கேட்டு, நான் ஆமென்ற பிறகே அடுத்த ஊசிக்குப் போவார். பிறகு வெப்ப விளக்கைத் தோளுக்கு நேரே திருப்பிவைத்து, அரைமணி நேரத்துக்கு அப்படியே விட்டுவிடுவார். எனக்கு வியப்பளித்தது காலில் போட்ட ஊசிதான். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கணைக்கால் எலும்பின் வெளிப்புறத்தில் ஒரு புள்ளியில் ஊசியை வைத்துத் திருகிக்கொண்டே கையை உயர்த்தச் சொல்வார். காதளவில் நின்றுவிடும் கை, அன்று அதற்குமேல் கொஞ்சம் போகும்.

கொஞ்சம்தான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி தணிந்திருக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியும். பின்னர் வலி மெல்லத் திரும்பும். தொடக்க வாரங்களில் இதை நினைத்து எரிச்சல்பட்டேன். பணத்தைக் கொட்டி இரண்டு நாள் நிம்மதியை வாங்குகிறோமே என்று தோன்றியது. அந்த இரண்டு நாள்களுக்குப் பயன் கண்டுபிடித்தவர் மருத்துவமனையின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். வலி அடங்கியிருக்கும் அந்த நாள்களில்தான் சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சியையும், முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கும் பயிற்சியையும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்றார். அதற்கேற்ப ஊசியையும் பயிற்சியையும் அமைத்துக்கொண்ட பிறகே முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2005ஆம் ஆண்டு மீளாய்வு, தோள்வலிக்கு அக்குபங்சர் பயன்படும் என்றோ படாது என்றோ உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 2010இல் ஜெர்மனியில் 424 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆறு வாரங்களில் 15 முறை சிகிச்சை பெற்றவர்களில், மூன்று மாதங்களுக்குப் பிறகு 65 விழுக்காட்டினருக்கு வலி கணிசமாகக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி ஊசி பெற்றவர்களில் 24 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 37 விழுக்காடு. 2018இல் 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, நாள்பட்ட வலிக்குப் பயன் உண்டு, அது ஓராண்டுக்குப் பிறகும் பெருமளவு நிலைக்கிறது என்று தெரிந்தது. ஆனால் உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் உள்ள வேறுபாடு சிறியதாகவே இருந்தது. தானாகவே தளரக்கூடிய நோயில் எந்தச் சிகிச்சைக்கும் முழுப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு உறுத்தும். தனியார் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் 60 வெள்ளிக்குமேல் (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவிலிருந்து எடுக்க வழியிருக்கவில்லை. வசதி குறைந்தவர்களுக்கு அறநிறுவனங்கள் இருக்கின்றன. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இன, மத வேறுபாடு பார்ப்பதில்லை. காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவே. பக்கவிளைவாக எனக்கு வந்தவை சிற்சில கன்றிய நீலத் திட்டுகளும், வெறும் வயிற்றோடு போன ஒரு நாளில் தலைசுற்றலும்தான். தோளின் உச்சியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் தொட்டுவிடும் அபாயம் அரிதாக உண்டு. பயிற்சியில்லாதவர் கையில் தோளைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

இப்போது மூங்கில் கழியை நானே நீட்டுகிறேன். பின்கொக்கி மட்டும் இன்னும் அரைகுறைதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு மறு தோளிலும் இது வரலாம் என்கிறார்கள். வந்தால், முதல் வாரத்திலேயே உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, தூங்க முடியாத கட்டத்துக்கு மட்டும் சின்சேயிடம் போவேன்.