பாட்டு அடுக்கித் தர்றோம்னு சொல்ற கடையில ஹார்டு டிஸ்க்கை நம்பிக் கொடுத்துடாதீங்க, எனக்கு 6,500 ரூபாயும் போச்சு அப்பா பதிவு பண்ண கூத்தும் போச்சு

நேத்து சாயந்தரம்தான் டிஸ்க்கை வாங்கிட்டு வந்தேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அதே கோவத்துலதான் எழுதறேன்.

நாங்க பாலக்கோடு பக்கம். எங்கப்பா மைக்செட் வச்சிருந்தாரு. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு அவர் கூம்பு ஸ்பீக்கர் போகாத ஊரு இல்ல. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடக்கறப்ப ராத்திரி கூத்தை ஆம்ப்ளிஃபயர்ல இருந்தே காசெட்ல புடிச்சு வைப்பாரு. மொத்தம் 41 காசெட். அவர் போனப்புறம் எல்லாத்தையும் நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன், ஒரு காசெட்டுக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டர் பேர்ல ஊரும் வருஷமும், உள்ள ஏ பக்கம் டிராக் 01, பி பக்கம் டிராக் 02. காசெட்டெல்லாம் பூசணம் புடிச்சு நாடா ஒட்டிக்கிச்சு, பழைய சாமான்காரர்கிட்ட போட்டாச்சு. அதோட சினிமா பாட்டு, அம்மன் பாட்டுன்னு 30,000க்கு மேல எம்பி3 அதே டிஸ்க்ல ஒரு ஒழுங்கும் இல்லாம கெடந்துச்சு.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பேர் சொல்லல. "டூப்ளிகேட் பாட்டையெல்லாம் நீக்கிட்டு, படம் பாடகர் வாரியா பிரிச்சு அட்டைப்படத்தோட தர்றோம்ணா, 6,500 ஆகும்"னான். யோசிச்சேன். ஆனா லேப்டாப்ல ஒரு 10 பாட்டை என் கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டுனான், டக்கு டக்குன்னு பேரும் போட்டோவும் வந்து உக்காருது. இதுல கூத்து பதிவு இருக்கு தம்பி பத்திரம்னு சொன்னேன், "எங்க தாத்தாவே கூத்து கட்டுனவருண்ணா, நான் பாத்துக்க மாட்டனா"ன்னு சொல்லி டிஸ்க் மேல என் பேரை எழுதி ஸ்டிக்கர் ஒட்டுனான். அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். 6,500ஐயும் அங்கயே ஜிபே பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா என் 41 ஃபோல்டரும் இல்ல. 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்'னு ஒரே ஃபோல்டர், உள்ள டிராக் 01, டிராக் 02. ரெண்டே ஃபைல். 82 பக்கத்துல மிஞ்சுனது ரெண்டு!

என்ன நடந்துச்சுன்னு அப்புறம் புரிஞ்சுது. பாட்டோட ஒலியை நெட்ல இருக்கற லிஸ்டோட ஒத்துப் பாத்துதான் அந்த மாதிரி சாஃப்ட்வேர் பேர் போடும் (மியூசிக்பிரைன்ஸ் பிகார்டுன்னு இலவசமாவே ஒண்ணு இருக்கு, அது கூட எனக்கு இப்பதான் தெரியும்). எங்கூர் கூத்து எந்த லிஸ்ட்ல இருக்கும்? அதனால எல்லாம் அன்நோன். அதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு பாக்காம ஃபைல் பேரை மட்டும் வச்சு டூப்ளிகேட்டுன்னு அழிச்சிருக்கான். அடுக்குனதை அதே டிஸ்க்லயே திரும்ப எழுதியும் வச்சிருக்கான், அழிஞ்ச எடத்து மேல வேற எழுதிட்டா ரெக்கவரி பண்ணவும் வழியில்ல.

போன் பண்ணா "உங்க டிஸ்க்லயே பிரச்சனை இருந்திருக்கும்ணா". மறுபடி பண்ணா "ஓனர் ஓசூர் போயிருக்காரு". இன்னிக்குக் காலைல நேர்லயே போய் நின்னேன், ஓனர் நிமிந்து கூட பாக்கல, "பில் இருக்கா சார்?"ங்கறாரு. குடுத்தாதானே இருக்கும்! 6,500 ரூபா வாங்கத் தெரியுது, ஒரு துண்டுச் சீட்டு எழுதத் தெரியல. காசு கூட போகட்டும்னு விட்டுடுவேன், அந்த கூத்துக்கு நான் எங்க போவேன்?

மிஞ்சுன டிராக் 01ல ஆரம்பத்துலயே அப்பா மைக்கைத் தட்டி "அலோ, அலோ, ஒன் டூ திரீ"ங்கறாரு, பின்னாடி மிருதங்கத்துக்கு சுதி சேக்கற சத்தம். அது எந்த ஊரு, எந்த வருஷம்னு சொல்ல ஃபோல்டர் பேரு இல்ல இப்ப.

நிறைய சொல்லணும்னுதான் உக்காந்தேன், முடியல. இன்னொரு காப்பி வீட்ல வைக்காம டிஸ்க்கை வெளிய குடுக்காதீங்க. எதையும் அழிக்காத, தனி ஃபோல்டர்ல ஒதுக்கி வைனு எழுதி வாங்குங்க. திறந்து பாத்துட்டு மீதிக் காசு குடுங்க, பில் கேளுங்க. ஏமாந்துட்டா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நானும் அதுக்குத்தான் போடப் போறேன்.

பென்னாகரம், காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் யார் வீட்லயாவது அந்தக் காலத்து பாரதக் கூத்து காசெட் இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, நேர்ல வந்து வாங்கிக் காப்பி எடுத்துட்டு பத்திரமா திருப்பிக் குடுத்துடறேன்.